வீட்டைச் சுருக்கினோம்: ஓசூரில் பழைய சாமான் விற்ற கணக்கு

போன தை மாசம் அப்பா, அம்மா இருந்த வீட்டைக் காலி பண்ணினோம். ஓசூரில் கீழும் மேலுமாக 1,900 சதுர அடி வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கவும் முடியவில்லை. வீட்டை விற்று, பாகலூர் சாலைப் பக்கம் லிப்ட் இருக்கிற அடுக்ககத்தில் 950 சதுர அடியில் ஒரு வீடு வாங்கினார்கள். பழைய வீட்டை ஒப்படைக்க எங்களுக்கு இருந்தது 45 நாள்.

பாதி இடத்துக்குள்ள முழு வீட்டைத் திணிக்க முடியாது, அதனால் சாமான்களை விற்கணும். "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு"ன்னுதான் ஆரம்பிச்சேன். 45 நாள் முடிஞ்சப்போ ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு சேர்ந்திருந்தது. அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான குறிப்பு, பொறுத்துக்கோங்க.

ஏன் இந்த ஊரில், ஏன் இப்போது

சிப்காட் நிறுவனம் 1971ல் தொடங்கப்பட்டது. அது தொழிற்பேட்டை அமைத்த முதல் ஊர்களில் ஓசூரும் ஒன்று. பெங்களூர் 40 கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போகுது, நிலமும் அப்போ மலிவு. 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அந்த ஆலைகளுக்கும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளுக்கும் தர்மபுரி, சேலம், வேலூர், மதுரை என்று எல்லாப் பக்கமிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அப்பா 1982ல் ஒரு தகரப் பெட்டியோடு தர்மபுரிப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்தவர். அப்போ ஓசூரே தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்.

அப்படி இருபது வயசில் வந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து, எழுபது. தொண்ணூறுகளில் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். பிள்ளைகள், மருமகள், பேரன் என்று எல்லோரும் ஒன்றாக இருப்போம் என்ற கணக்கில் கட்டியவை. பிள்ளைகள் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அதற்கப்பாலும் போய்விட்டோம். எங்கள் பழைய தெருவில் மட்டும் நாலு வீட்டில் வயசானவர்கள் தனியா இருக்காங்க. எல்லார் வீட்டு மாடியிலும் ஒரு அறை முழுக்கச் சாமான். அதனால் இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை.

முதல் தடை: வெட்கம்

விலை பற்றிப் பேசும் முன்னாடி இதைச் சொல்லணும். நம்ம ஊரில் வீட்டுச் சாமானை விற்பது என்றால் கெட்ட காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரம் பண்டத்தை வித்துச் சாப்பிட்ட குடும்பம் என்பது வசவு. அம்மா முதல் நாளே சொன்னார்: "வாசல்ல வண்டி வச்சு ஏத்தாதீங்க. நமக்குக் கடன்னு நெனப்பாங்க."

சொந்தக்காரர்களிடம் விலை பேசவே முடியாது. சும்மா கொடுக்கலாம், ஆனால் அவர்களும் சும்மா வாங்க மாட்டார்கள். "பழசைத் தள்ளிவிடறாங்க"ன்னு நினைக்கிற பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. என் சித்திக்கு பிரிட்ஜ் தேவைப்பட்டது எங்களுக்குத் தெரியும், எங்கள் பிரிட்ஜ் விற்பனைக்கு என்பது அவருக்கும் தெரியும். ஒரு மாதம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் கடையில் புதுசு வாங்கினார், நாங்கள் யாரோ ஒருவருக்குக் கொடுத்தோம்.

இது போக அம்மாவின் சட்டதிட்டங்கள். வெள்ளிக்கிழமை எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகும் கூடாது. குத்துவிளக்கு, அரிசி அளக்கிற படி, முறம், உலக்கை ஆகியவற்றுக்கு விலையே கிடையாது. முதலில் நான் வாதாடினேன். பிறகுதான் புரிந்தது, இந்தச் சட்டங்கள் வேலையைத் தடுக்கவில்லை, சுலபமாக்கின. எதை விற்கக் கூடாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மிச்சத்தை விற்க அம்மா சம்மதித்தார். நீங்களும் இதே நிலையில் இருந்தால் முதலில் "விற்காத பட்டியல்" போடுங்கள். அதைப் பெரியவர்களே போடட்டும்.

அப்பாவின் நோட்டுப் புத்தகம்

அப்பா ஆலையில் ஸ்டோர்ஸ் பதிவேடு பார்த்தவர். ஒவ்வொரு பொருளையும் எழுதி, எதிரே விலை போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் 1,65,000 ரூபாய். எப்படிப் போட்டீங்க என்று கேட்டேன். "வாங்கின விலையில பாதி. நல்லா வச்சிருந்தோம்ல?"

இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் வருவது இல்லை. 1990ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூன்று பேரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். கல்லூரிக் கடையில் அதன் விலை 6 டாலர். கையில் கோப்பை உள்ளவர்கள் விற்கக் கேட்ட நடுத்தர விலை 5.25 டாலர். கோப்பை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தது இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் டாலர் வரைக்கும்தான். கோப்பை கைக்கு வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அது "என்னுடையது" ஆகி விலை இரட்டித்துவிட்டது.

சில நிமிஷத்துக்கே இப்படி என்றால், முப்பது வருஷம் துடைத்து வைத்த ஷோகேஸுக்கு என்ன ஆகும்? வாங்குகிறவருக்கு அந்த முப்பது வருஷம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் அப்பாவிடம் இந்த ஆய்வைச் சொன்னேன். "கோப்பையும் கட்டிலும் ஒண்ணா?" என்றார். அடுத்த இரண்டு வாரம் ஒரு பொருளும் நகரவில்லை.

வாங்குகிறவர் யார்?

திருப்பம் வந்தது முதல் இரும்புக் கட்டில் விற்றபோது. வந்தவர் ஒடிசாக்காரப் பையன், சிப்காட்டில் ஒப்பந்த வேலை. "கித்னா?" என்று கேட்டான். அவனோடு வந்த நண்பன் கன்னடத்தில் "எஷ்டு?" என்றான். அடுத்த வீட்டு அக்கா தெலுங்குக்காரர், அவர்தான் இடையில் நின்று மூணு பாஷையிலும் பேரம் பேசினார். இந்த ஊரில் எல்லா வியாபாரமும் இப்படித்தான்.

அந்தப் பையன் கேட்ட இரண்டாவது கேள்வி எனக்குப் பாடம். "போகும்போது நீங்களே திரும்ப எடுத்துப்பீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. ஓசூரில் பழைய சாமான் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே நிலையாக இருக்கப் போகிறவர்கள் இல்லை. ஓராண்டுப் பயிற்சிக்கு வந்த டிப்ளமோ பிள்ளைகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், பத்துக்குப் பத்து லைன் வீட்டில் மூன்று பேராக இருப்பவர்கள். அவர்கள் பொருளை வாங்கவில்லை, பொருளின் ஒரு வருஷத்தை வாங்குகிறார்கள். கிளம்பும்போது எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதும் அவர்கள் கணக்கில் இருக்கிறது.

ஒற்றைக் கதவு பிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். நாங்கள் 3,500க்கு விற்றோம். வாங்கியவர் ஒரு வருஷம் கழித்து 2,000க்கு விற்க முடிந்தால், அவருக்கு ஆன செலவு 1,500. மாசத்துக்கு 125 ரூபாய். பெங்களூரில் பர்லென்கோ, ரென்டோமோஜோ போன்ற நிறுவனங்கள் வீட்டுச் சாமானை மாத வாடகைக்குக் கொடுப்பதும் இதே தேவையை வைத்துத்தான். இங்கே நம்ம ஊர்ப் பையன்கள் செயலி இல்லாமலேயே அதைச் செய்துகொள்கிறார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் எது போகும், எது போகாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கேள்வி ஒன்றுதான்: வாங்குகிறவர் இதைத் திரும்ப விற்க முடியுமா? இரும்புக் கட்டில், பிரிட்ஜ், பீரோ, அடுப்பு, பேன், பிளாஸ்டிக் நாற்காலி, செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் எல்லாம் கையோடு போனது. ஷோகேஸ், சோபா செட், கண்ணாடி டீப்பாய், பழைய குழாய் டிவி, பெட்டி பெட்டியாகக் கல்யாணப் பரிசுகள் எல்லாம் அப்படியே நின்றது.

இன்னொரு வகை வாங்குபவரும் உண்டு. லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள், பி.ஜி. நடத்துகிறவர்கள். இவர்கள் மொத்தமாக எடுப்பார்கள், விலை குறைவு, ஆனால் ஒரே நாளில் வேலை முடியும். எங்களிடம் பத்து நாற்காலியையும் மூன்று பேனையும் எடுத்தது அப்படி ஒருவர்தான். கெடு நெருங்கும்போது இவர்கள் அருமை தெரியும்.

சோபாவின் கதை

சோபாவுக்கு அப்பா போட்ட விலை 12,000. முதல் வாரம் 12,000, இரண்டாம் வாரம் 6,000, மூன்றாம் வாரம் 3,000. யாரும் வரவில்லை. ஏன் என்று ஒரு குட்டி யானை ஓட்டுநர்தான் விளக்கினார். "மேடம், வண்டி வாடகை 800. ஏத்தி இறக்க ரெண்டு ஆளு, 600. மாடிப்படியில திரும்பாது, கயிறு கட்டி இழுக்கணும், அதுக்குத் தனி. நீங்க சும்மா குடுத்தாலே அவனுக்கு 2,000 ஆகுது."

ஆக ஒரு பொருளின் விலை என்பது வாங்குகிறவர் வீட்டில் அது போய் நிற்கும்போது ஆகிற மொத்தச் செலவு. நாம் கேட்கிற தொகை அதில் ஒரு பங்கு மட்டும். பெரிய பொருளுக்கு வண்டிச் செலவே விலையைத் தின்றுவிடுகிறது. சோபாவைக் கடைசியில் தெருமுனை டெய்லர் கடைக்காரருக்குச் சும்மா கொடுத்தோம். தள்ளுவண்டியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு போனார்.

இதிலிருந்து இரண்டு வழி. ஒன்று, பெரிய சாமானுக்கு வாங்குபவரை அதே தெருவில் தேடுங்கள். இரண்டு, கழற்ற முடிந்ததைக் கழற்றிப் படம் எடுத்துப் போடுங்கள். தேக்கு மேசையின் காலைக் கழற்றி, நீள அகலத்தை அடியில் சொன்ன பிறகுதான் அது 4,000க்குப் போனது. அதுவரை "கதவுல நுழையுமா?" என்ற கேள்வியோடு எல்லோரும் காணாமல் போனார்கள்.

பாதி காலியான வீடே சாட்சி

பழைய பொருளை ஏன் யாரும் நம்புவதில்லை? 1970ல் ஜார்ஜ் அகர்லாப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். பொருளில் என்ன கோளாறு என்பது விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாவற்றையும் கோளாறுள்ளதாகவே நினைத்து விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல பொருளை யாரும் விற்க வர மாட்டார்கள். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது சொத்தைதான். இந்த வேலைக்காக 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதற்கு மருந்து, "ஏன் விற்கிறீங்க?" என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில். வீடு மாற்றுகிறவர்களுக்கு அந்தப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. அதனால் நாங்கள் எதையும் வாசலுக்குக் கொண்டுவரவில்லை. வந்தவர்களை உள்ளே அழைத்து, கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்தோம். பிரிட்ஜை இரண்டு நாள் முன்பே ஓட விட்டு, உள்ளே ஐஸ் தட்டு வைத்தோம். வாஷிங் மெஷினில் ஒரு துணி போட்டுச் சுற்றிக் காட்டினோம். பேன்களைக் கழற்றாமல் ஓடுகிற நிலையில் காட்டி, பணம் கொடுத்த பிறகு கழற்றினோம்.

கோளாறையும் சொல்லிவிட்டோம். இரண்டாவது கட்டிலில் பாட்டி கடைசி மூணு மாசம் படுத்திருந்தார், அதில்தான் இறந்தார். ஒரு அம்மா "யாராவது அதுல போயிட்டாங்களா?" என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். கட்டிலைத் தொடாமல் போய்விட்டார். அடுத்து வந்த பையன் சிரித்தான்: "ஆஸ்பத்திரி கட்டில்ல படுக்கறதில்லையா அக்கா?" 1,200 ரூபாய், பேரமே இல்லை. பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கே விற்றிருக்கலாம். பக்கத்துத் தெருதான் அவர், தெரிய வர எத்தனை நாள் ஆகும்?

எடைக்குப் போடும் முன்

மெத்தை, தலையணை யாரும் வாங்க மாட்டார்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இரும்பு, பேப்பர், உலோகம் எடைக்குப் போகும். இங்கே கன்னட வழக்கில் குஜரி என்றும் சொல்வார்கள். பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற காலம் போய் எல்லாம் இப்போ ரொக்கம்.

உலோகத்தைப் பிரித்துக் கொண்டுபோங்கள். செம்பு தனி. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். மூன்றுக்கும் விலை வேறு. ஒரே மூட்டையாகப் போட்டால் இருப்பதிலேயே குறைந்த விலையில் எடை போடுவார்கள். எவர்சில்வரிலும் வித்தியாசம் உண்டு. நிக்கல் சேர்ந்த நல்ல ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் நல்ல ரகம் என்றும் இல்லை, ஆனால் ஒட்டுவதை முதலில் தனியாக எடுத்து வைக்கலாம். பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் பார்ப்பது சரிகையில் உள்ள வெள்ளியை. அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அம்மா விசாரித்துவிட்டு, கொடுக்க வேண்டாம் என்று முடிவு பண்ணினார்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்று. பரணில் இருந்த பித்தளை மூட்டையை நான்தான் கொண்டுபோய் எடைக்குப் போட்டேன். 12,400 ரூபாய் வந்தது, நல்ல விலை என்று சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழித்து அம்மா கேட்டார்: "அந்தச் சின்னச் செம்பு எங்க? எங்கம்மா பேர் போட்டிருக்குமே?" அம்மா கல்யாணத்தில் சீராக வந்தது. புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது. மூட்டைக்குள்ளே பெரிய அண்டா ஒன்றினுள் கிடந்திருக்கிறது, நான் அண்டாவைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. கடைக்கு ஓடினேன். முந்தின நாளே லோடு போய்விட்டது. கடைக்காரர் இரண்டு சாக்கைக் கொட்டித் தேடவும் செய்தார். கிடைக்கவில்லை.

அம்மா திட்டவில்லை. "போனது போச்சு, விடு பாப்பா" என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது. நம்ம வீடுகளில் பாத்திரம் என்பது ஒரு பதிவேடு. யார் கொடுத்தது, எந்தக் கல்யாணம், எந்த வருஷம் எல்லாம் அதில் வெட்டியிருக்கும். எடைக்குப் போடும் முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பெயரை வாசித்து, வீட்டுப் பெரியவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

விற்கக் கூடாதவை, எழுத்தோடு விற்க வேண்டியவை

கேஸ் சிலிண்டர்: வந்தவர்களில் பாதிப் பேர் அடுப்போடு சிலிண்டரையும் கேட்டார்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டியது வைப்புத்தொகை. வேண்டாமென்றால் இணைப்புச் சீட்டோடு முகவரிடம் ஒப்படைக்கணும். திரும்பக் கிடைப்பது சீட்டில் அன்றைக்கு எழுதிய தொகைதான். அடுப்பு மட்டும் நம்முடையது. 700க்கு விற்றோம்.

இன்வெர்ட்டர் பேட்டரி: உள்ளே ஈயமும் அமிலமும். இதைப் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள், ஈயத்துக்காக நல்ல விலை கிடைக்கும். உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். எங்களுக்கு 4,000 வந்தது.

ஸ்கூட்டர்: எல்லை ஊர் என்பதால் இது முக்கியம். வாங்கியவர் அத்திபெலேயில் குடியிருப்பவர். இரண்டு ஊருக்கும் இடையே பத்து நிமிஷப் பயணம், ஆனால் காகிதத்தில் அது வேறு மாநிலம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50ன்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும். வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள், தடையில்லாச் சான்றோடு. படிவம் 28 தடையில்லாச் சான்றுக்கு, 29ம் 30ம் உரிமை மாற்றத்துக்கு. "அப்புறம் மாத்திக்கறேன் சார், இங்கதானே இருக்கேன்" என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி கைமாறியும் பதிவேட்டில் பெயர் மாறாவிட்டால், விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் சான்று வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தோம். 14,000 ரூபாய்.

பழங்காலப் பொருள்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருஷம்தான் வரம்பு.

வருமான வரி: அப்பா இதற்குப் பயந்தார். சொந்த உபயோகத்துக்கான மேசை, நாற்காலி, பாத்திரம் போன்றவை வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. நகையும் கலைப்பொருளும் அந்த விலக்கில் இல்லை.

பணம் வாங்க பின் வேண்டாம்

இணையத்தில் விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்தில் முதல் அழைப்பு. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார், பேரம் பேசவில்லை, பொருளைப் பார்க்கவும் வேண்டாமாம். கியூஆர் குறியீடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்றார். நாடு முழுக்க நடந்த பழைய மோசடி இது. அப்பா போனைக் கையில் எடுத்தேவிட்டார். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். பெரியவர்களிடம் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழைக்கணும், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இதுக்கப்புறம் நாங்கள் விளம்பரத்தை நம்பாமல் டீக்கடை, மளிகைக்கடை, அடுக்ககக் காவலர் ஆகியோரிடம் சொல்லி வைத்தோம். ஆள் நேரில் வந்தார்கள், ரொக்கம் கொடுத்தார்கள்.

கடைசிப் பெட்டி

அப்பாவின் கருவிப் பெட்டி கடைசி வரை கீழ் அறையில் இருந்தது. வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பானர் செட், அரங்கள். விற்காத பட்டியலில் அவர் அதைச் சேர்க்கவில்லை, விற்கவும் விடவில்லை. பீரோ எடுக்க வந்த ஐ.டி.ஐ. பையன் ஒருவன் பெட்டியைத் திறந்து வெர்னியரைக் கையில் எடுத்தான். அளவைத் தப்பாக வாசித்தான். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை, உட்காரச் சொல்லி முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். பிறகு 1,500 ரூபாய்க்குப் பெட்டியோடு கொடுத்துவிட்டார். பழைய மைக்ரோமீட்டர் ஒன்றுக்கே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "82ல வந்தப்போ நான் வாங்கின முதல் கட்டிலு, வேலையை விட்டு ஊருக்குப் போன ஒரு மலையாளத்துக்காரரோடது. 40 ரூபா. அவரும் குறைச்சுத்தான் குடுத்தாரு."

முப்பது வருஷத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாத விஷயம் என்று நினைத்திருப்பார் போல.

கணக்கு இது: பிரிட்ஜ் 3,500, வாஷிங் மெஷின் 2,500, கட்டில் இரண்டு 2,400, அடுப்பு 700, பேன் மூன்று 1,500, நாற்காலி பத்து 1,200, மேசை 4,000, பீரோ 4,500, பித்தளை 12,400, ஸ்கூட்டர் 14,000, பேட்டரி 4,000, பேப்பரும் இரும்பும் 2,300, கருவிப் பெட்டி 1,500. மொத்தம் 54,500 ரூபாய். அப்பா போட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

நீங்கள் ஆரம்பிக்கும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் விற்காத பட்டியல். பிறகு வண்டி, சிலிண்டர் மாதிரி காகித வேலை உள்ளவை, அதற்குத்தான் நாள் பிடிக்கும். மூன்றாவதாகப் பெரிய மரச்சாமான். பிரிட்ஜும் கட்டிலும் கடைசி வாரத்தில் கூடப் போகும். எடைக்குப் போடுவதை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். தை, சித்திரையில் ஆட்கள் வீடு மாறுவார்கள், வாங்க ஆள் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள், அப்போ ஒப்பந்தப் பையன்களை மட்டும்தான் நம்பணும்.

புது வீட்டில் ஷோகேஸ் இல்லை. குத்துவிளக்கும் படியும் முறமும் சமையலறை மூலையில் இருக்கின்றன. போன வாரம் அந்த ஐ.டி.ஐ. பையன் போன் பண்ணினான், மைக்ரோமீட்டரில் ஏதோ சந்தேகமாம். அப்பா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.